தமிழ் மன்றத்தில் கேட்கக் கூடாத வகுப்பு

1

ஊரில் இருக்கும் உங்களிடம் நான் புலம்பெயர்ந்தவன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் சித்தப்பா மகன் கனடாவில் இருக்கிறான்; அவன் புலம்பெயர்ந்தவன். அவன் வீட்டு வாசலில் பனி விழுந்தால் அது கட்டுரை. நான் ஆரணியில் பஸ் ஏறி, ஓசூரில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அத்திப்பள்ளியைத் தாண்டி வந்தவன். கல்யாண வீடுகளில் என்னைப் பற்றி யாராவது விசாரித்தால், "அவரா? எங்க போயிட்டாரு, இதோ பெங்களூர்லதான்" என்று பந்தியில் அடுத்த இலையைக் காட்டுவது போலக் கையைக் காட்டிவிடுவார்கள்.

அத்திப்பள்ளியில் பாஸ்போர்ட் கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். படித்தவன் எழுத்தறியாதவன் ஆவதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. அரசுத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக வந்து சேர்ந்த நான், பஸ் எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறினேன். வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் கேட்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

பேச்சுக் கன்னடத்துக்கு நானே ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். நம் பால் இங்கே ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு. ஆகவே 'ப' வரும் இடத்தில் 'ஹ' போட்டால் கன்னடம் என்று முடிவு கட்டி, மளிகைக் கடையில் ஒரு கிலோ ஹருப்பு கேட்டேன். கடைக்காரர் கன்னடக்காரர், நல்லவர். "துவரம் பருப்பா, பாசிப் பருப்பா சார்?" என்று தமிழில் கேட்டு நிறுத்துக் கொடுத்தார். நான் கன்னடம் கற்றுக்கொள்ளாததற்கு இந்த ஊர்க்காரர்களின் பெருந்தன்மையே காரணம் என்று பல மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

மேடை என்றால் எங்கள் தமிழ் மன்ற மேடை. பொம்மனஹள்ளியில் இருக்கும் அந்த மன்றத்துக்கு இது வெள்ளி விழா ஆண்டு. நான் அதன் செயலாளர். "கல்விப் பணியில் நம் மன்றம்னு மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க சார், நீங்க எழுதினாத்தான் கனமா இருக்கும்" என்று தலைவர் கோதண்டராமன் கேட்டார். உட்கார்ந்தேன். கனமாகத்தான் இருந்தது. வந்தது இதுதான். இதை அவர்கள் மலரில் போட மாட்டார்கள் என்பதால் உங்களுக்கு அனுப்புகிறேன்.

2

எங்கள் மன்றத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அது பொன்னாடையால் நெய்யப்பட்டது. பொங்கல் விழாவா, பொன்னாடை. பேச்சுப் போட்டியா, நடுவருக்குப் பொன்னாடை, அவரைப் பேச அழைத்தவருக்குப் பொன்னாடை, ஒலிபெருக்கி சரிசெய்தவருக்கு ஒரு சின்னப் பொன்னாடை. எனக்கு வந்தவை ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. அவற்றை அடுத்த விழாவில் வேறொருவருக்குப் போர்த்துவதும் உண்டு. ஒரு முறை நான் தலைவருக்குப் போர்த்தியதை அவர் மறுவருடம் எனக்கே போர்த்தினார். மூலையில் இருந்த காபிக் கறையை வைத்துக் கண்டுபிடித்தேன்.

போன வருடம் ஒரு கம்பெனி எங்களைத் தேடி வந்தது. அக்கம்பக்கத்து மக்களுக்குக் கல்விப் பணி செய்ய அவர்களிடம் நிதி இருந்தது, எங்களிடம் கூடம் இருந்தது. கம்பெனி சார்பில் ஷ்ருதி என்ற பெண் வந்தாள். மைசூர்ப் பக்கத்துக்காரி, தமிழ் நன்றாகவே புரியும்.

"அங்கிள், எது முதல்ல வேணும்னு நாம டிசைட் பண்ணக் கூடாது. கம்யூனிட்டி டிசைட் பண்ணணும். நாம கேக்கணும், அஷ்டே" என்றாள். அவ்வளவுதான் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. அவ்வளவுதான் என்று நாங்களும் நினைத்தோம்.

மன்றத்துக்குப் பின்தெருவில் லைன் வீடுகள். திருவண்ணாமலை, செங்கம், திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள். ஆண்கள் கட்டட வேலை, பெண்கள் கார்மென்ட்ஸ் அல்லது எங்களைப் போன்றவர்களின் அடுக்குமாடி வீடுகளில் சமையல். இருபத்துநாலு வருடமாக அந்தத் தெருவை நாங்கள் குறுக்கு வழியாக மட்டுமே பயன்படுத்தி வந்தோம். அன்று மாலை அவர்களைக் கூடத்துக்கு அழைத்தோம்.

ஷ்ருதி ஒரு பெரிய அட்டையைச் சுவரில் மாட்டினாள். அதில் கட்டங்கள்: தமிழ் வகுப்பு, பேச்சுப் போட்டி, கணினிப் பயிற்சி, நூலகம், கடைசியில் 'மற்றவை'. ஆளுக்குச் சில சிவப்பு ஸ்டிக்கர். எது வேண்டுமோ அந்தக் கட்டத்தில் ஒட்டலாம். வட்டமாக, பொட்டு அளவில் இருந்தன. ஒரு பெண் தன் கைக்குழந்தைக்கு ஒன்றை வைத்துவிட்டு, "இன்னொண்ணு குடு பாப்பா, இது கொழந்தைக்கு நல்லாருக்குது" என்று கேட்டாள்.

தலைவர் அரை மணி நேரம் தமிழின் தொன்மை பற்றிப் பேசினார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் முன் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள்தான் செல்வி. எங்கள் அடுக்குமாடியில் எனக்கு ஒரு மாடி கீழே சமையல் செய்பவள், லிஃப்டில் பார்த்திருக்கிறேன்.

"சார், அந்தக் கடைசிக் கட்டம் காலியா கீதே, அது எதுக்கு?"

"மற்றவைம்மா. வேற ஏதாவது வேணும்னா சொல்லலாம்" என்றேன்.

"அப்ப கன்னட டியூஷன்னு எழுதுங்க."

தலைவரின் கையில் இருந்த தண்ணீர் பாட்டில் பாதி வழியில் நின்றது.

"எம் பொண்ணு திவ்யா டென்த்து சார். ஆறாவது வரைக்கும் செங்கத்துல தமிழ்ல படிச்சிட்டு வந்தவ. பேசச் சொல்லுங்க, ஆட்டோக்காரரே வாய மூடிக்குவாரு, அப்பிடிப் பேசுவா. எழுதச் சொன்னா அழுவுறா. மத்ததெல்லாம் பாஸ் பண்ணிடுவா. அது ஒண்ணுல போனா எல்லாம் போச்சு. வெளிய டியூஷன் வெக்க நம்மால ஆவாது. இங்க சாயங்காலம் கூடம் சும்மாதான பூட்டிக் கெடக்குது?"

"எங்க வூட்டுப் பையனுக்கும் அதேதான்க்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மொத்த லைனுக்கும் அதேதான்" என்றது இன்னொன்று.

பிறகு எல்லோரும் எழுந்து போய் ஒட்டினார்கள். கடைசிக் கட்டம் சிவந்து போய், இடமில்லாமல் சுவரிலும் ஒட்டியிருந்தது. தமிழ் வகுப்புக் கட்டத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கர். அது தலைவருடையது.

3

அன்றே செயற்குழு கூடியது.

"தமிழ் மன்றத்துல கன்னட டியூஷனா?" என்றார் தலைவர். "நாளைக்கு நாம வெளிய தல காட்ட முடியுமா சார்? வெள்ளி விழா வர்ற நேரத்துல?"

"கன்னடம் வேணும்னா நடத்தலாம். ஆனா தமிழ்ல நடத்தணும்" என்றார் பொருளாளர். அவர் சமரசத்துக்குப் பெயர் போனவர்.

"ஒட்டினத எப்படி இல்லன்னு சொல்றது? அந்தக் கம்பெனிப் பொண்ணு போட்டோ எடுத்து வச்சிருக்கே" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனி எழுதுவதுதான் இந்தக் கட்டுரையின் காரணம்.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். "மற்றவை என்பது ஒரு திட்டம் அல்ல, அது கருத்துப் பெட்டி. திட்டங்களுக்கு இடையில்தான் முன்னுரிமை பார்க்க முடியும். கருத்துப் பெட்டியைத் திட்டத்தோடு ஒப்பிடுவது முறையாகாது" என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அது எனக்கு எளிதாக வந்தது. முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் தும்மல் மாதிரி வரும்.

"இதுக்குத்தான் சார் படிச்சவங்க வேணுங்கறது" என்று தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள்: மற்றவைக்கு வாக்கு கிடையாது.

மறுநாள் ஷ்ருதி கேட்டாள், "அங்கிள், ஸ்டிக்கர் எல்லாம் அங்கதானே இருக்கு?"

"அது ஃப்ரீக்வென்ஸிம்மா. ப்ரயாரிட்டி இல்ல" என்றேன்.

அவள் அதை மரியாதையாகக் குறித்துக்கொண்டாள். ஒரே ஸ்டிக்கருடன் தமிழ் வகுப்பு முதலிடம் பெற்றது.

ஞாயிறு காலை வகுப்பு. திறப்பு விழாவில் எல்லோருக்கும் பொன்னாடை, ஷ்ருதிக்கு இரண்டு. லைன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஞாயிறு காலைதான் அங்கே தண்ணீர் பிடிப்பதும் வாரத் துணி துவைப்பதும். எங்கள் அடுக்குமாடிகளிலிருந்து சில பிள்ளைகள் காரில் வந்து இறங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, காரில் போனார்கள். அடுத்தடுத்த வாரங்களில் காரும் வரவில்லை. "மக்களுக்கு மொழிப்பற்று இல்ல சார்" என்று தலைவர் வருத்தப்பட்டார். நானும் சேர்ந்து வருத்தப்பட்டேன்.

என் பேரன் ஆரவ் அந்த வகுப்புக்கு ஒரு நாளும் போகவில்லை. ஞாயிறு காலை அவனுக்கு ஃபுட்பால். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவன் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான்.

4

ஆரணியில் என் வகுப்பில் ஓர் அடகுக்கடைப் பையன் இருந்தான். வீட்டில் மார்வாடி பேசுவான். தமிழ்ப் பரீட்சை என்றால் அவனுக்குக் காய்ச்சல் வரும். எங்கள் தமிழ் ஆசிரியர் பள்ளி விட்டதும் அவனை மட்டும் உட்கார வைத்து எழுத வைப்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இந்தப் பையன் தமிழ் படித்தால் மார்வாடி அழிந்துவிடும் என்று அவன் அப்பா கடையை அடைத்துப் போராடவும் இல்லை. பையன் தேறினான், ஊரிலேயே இருந்தான், இப்போது அவன் பேசும் தமிழில் இருக்கும் திட்டுகள் எனக்கே தெரியாது. அந்த ஆசிரியரை நான் மன்ற மேடையில் அடிக்கடி புகழ்ந்திருக்கிறேன். அவர் செய்தது இந்த வேலைதான் என்பது அப்போதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை.

5

அந்த வருடம் முழுவதும் என் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் மஞ்சுநாத் என்ற ஆசிரியர் வந்துகொண்டிருந்தார். மேஷ்ட்ரு என்று கூப்பிடுவோம். ஆரவுக்கு டியூஷன். என்ன பாடம் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஆரவின் பள்ளியில் கன்னடத்தில் மதிப்பெண் குறைகிறது என்று தகவல் வந்தபோது, மேஷ்ட்ருவை விசாரித்து ஏற்பாடு செய்தவன் நான். செயற்குழுவில் அந்தத் தீர்மானத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது மேஷ்ட்ரு காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மன்றம் மன்றம், வீடு வீடு.

மே மாதம் ஒரு மாலை, அழைப்பு மணி அடித்தது. மேஷ்ட்ரு நின்றார். அவருக்குப் பின்னால் செல்வி.

"லிஃப்ட்ல மேஷ்ட்ரு கூட வந்தேன். எந்த வூட்டுக்குன்னு கேட்டேன். உங்க வூடுன்னாரு" என்றாள்.

"ஆமாம்மா. பேரனுக்கு."

"என்ன பாடம் சார்?"

மேஷ்ட்ரு செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார்.

"கன்னடம்" என்றேன்.

செல்வி சிறிது நேரம் தலையாட்டினாள். "நல்லதுங்க சார். உங்க பேரனுக்குக் கன்னடம் வந்தா தமிழ் சாவாது. எம் பொண்ணுக்கு வந்தாத்தான் சாவும். அப்பிடித்தான?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வழக்கமான தும்மல் அன்று வரவில்லை.

"திவ்யா ஃபெயிலு சார். மத்ததெல்லாம் பாஸு, அது ஒண்ணுதான். கார்மென்ட்ஸ்ல நூல் வெட்டுற வேலைக்கு அனுப்பிட்டேன். வூட்ல ஒக்காந்து அழுதுகினு இருந்தா நான் என்னா பண்றது?"

அவள் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனாள்.

6

அடுத்த செயற்குழுவில் நான் எழுந்து நின்று, நான் சொன்னது தவறு, என் பேரனுக்கு வீட்டில் கன்னடம் சொல்லித் தரச் செய்துவிட்டு இங்கே தடுத்தேன், கூடத்தை இப்போதாவது திறப்போம் என்றேன். மறுதேர்வு ஒன்று மிச்சம் இருந்தது.

யாருக்கும் கோபம் வரவில்லை. அதுதான் கொடுமை. "எங்க வீட்லயும் டியூஷன் இருக்கு சார், யார் வீட்ல இல்ல?" என்றார் பொருளாளர். "அது பர்சனல். இதுல போய் நீங்க ஃபீல் பண்ணிக்கிட்டு..."

தலைவர் தீர்மானப் புத்தகத்தைத் திருப்பினார். "மற்றவைக்கு வாக்கு இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ரூல்னு ஒண்ணு போட்டா நாமளே மீறலாமா? அடுத்த வருஷம் அட்டையில தனிக் கட்டமாவே போட்டுடலாம். மக்கள் ஒட்டட்டும்."

"அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை இந்த வருஷம்."

"பரீட்சை எங்க சார் போகுது? வருஷா வருஷம் வரும்."

எனக்கு உடல்நிலை சரியில்லை என்று நினைத்து, மறுநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள்.

7

மேஷ்ட்ருவிடம் கேட்டேன். "மாடோண சார், அதக்கேனு" என்றார். செய்வோம், அதற்கென்ன என்று பொருள். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே என்பது போல இருந்தது அந்தத் தொனி.

செல்விதான் சம்மதிக்கவில்லை. "எம் பொண்ண மட்டும் உங்க வூட்டுக்கு அனுப்பிட்டு லைன்ல நான் எப்பிடி சார் மூஞ்சி காட்டுவேன்? வர்றதா இருந்தா ஃபெயிலானது எல்லாம் வரும்."

"வரட்டும்மா."

"காசு?"

"அது எங்களுக்குள்ள. நீங்க அனுப்புங்க."

ஐந்து பிள்ளைகள். திவ்யாவின் ஷிப்ட் முடிந்து வர ஏழரை ஆகும் என்பதால் வகுப்பு ஏழரைக்கு. முதல் நாளே கேட்டில் சிக்கல். எங்கள் அடுக்குமாடியில் வெளியாள் யார் வந்தாலும் என் கைபேசிக்கு ஒரு கேள்வி வரும்: வேலையாளா, டெலிவரியா, விருந்தினரா? மாணவர் என்று ஒரு பட்டன் கிடையாது. வீடுகளில் டியூஷன் நடத்தக் கூடாது என்று விதியும் உண்டு. விருந்தினர் என்று அழுத்தினேன். "டெய்லி விருந்தா சார்?" என்று செக்யூரிட்டி கேட்டான். ஆமாம் என்றேன். விதியை எழுதியவர்களில் ஒருவர் மாடிப்படியில் பார்த்து, "என்ன சார், சொந்தக்காரங்களா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். விதிகளோடு வாழ்ந்தவனுக்கு அவற்றைச் சுற்றிப் போகவும் தெரியும். இந்தத் திறமையை முதல் முறையாக உருப்படியான ஒன்றுக்குப் பயன்படுத்தினேன்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆரவோடு ஆறு பேர். மேஷ்ட்ரு சொல்லச் சொல்ல எழுதுவார்கள். திவ்யா எழுதியதைப் பார்த்து அவர் தலையில் கை வைத்தார்.

"சார், தமிழ்ல ஒரே ஒரு க. இதுல நாலு. அதுக்குக் கீழ வேற எழுத்து குட்டி போட்டுக்கினே போவுது. நாங்க எங்க சார் போறது?" என்றாள் திவ்யா.

ஆரவ் சிரித்தான்.

"சிரிக்காதடா குண்டா."

குண்டா என்றால் என்ன என்று ஆரவ் ஆங்கிலத்தில் கேட்டான். "ரொம்ப அழகானவன்னு அர்த்தம்" என்றாள் திவ்யா, முகம் மாறாமல். அன்று இரவு சாப்பாட்டில் அவன் தன் அப்பாவைப் பாசமாக அப்படி அழைத்தான். என் மகன் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டான்.

என் மகனுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "அவனோட கான்சன்ட்ரேஷன் போயிடும்பா" என்றான். உண்மை. திவ்யா வேலை செய்யும் இடத்துச் சூப்பர்வைசர் போல நடித்துக் காட்டும்போது மேஷ்ட்ருவின் கான்சன்ட்ரேஷனே போனது. ஆனால் அவள் விரல்களில் நூல் வெட்டும் கத்தரி பதிந்த தழும்போடு, அந்த நாலு க-வையும் திரும்பத் திரும்ப எழுதினாள். கை ஓய்ந்தால் உதறிவிட்டு எழுதினாள். பரீட்சைக்குக் கார்மென்ட்ஸில் லீவு கேட்டதற்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள்.

தலைவர் கேள்விப்பட்டு வந்தார். கதவருகே நின்று பார்த்துவிட்டு, "இத மன்றத்தோட கிளை வகுப்புன்னு மலர்ல போட்டுக்கலாமா சார்? என்ன பாடம்னு மட்டும் போட வேணாம்" என்றார். வேண்டாம் என்றேன்.

8

முடிவு வந்த அன்று நான் குளித்துக்கொண்டிருந்தேன். என் கைபேசியை ஆரவ் எடுத்திருக்கிறான். குளியலறைக் கதவைத் தட்டிக் கத்தினான்: "தாத்தா! அக்கா பாஸு! எல்லாரும் பாஸு!"

ஈரத்தோடு வெளியே வந்தேன். அவன் தமிழில் கத்தினான் என்பது தலை துவட்டி, காபி குடித்து, வெகு நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மன்றத்தில் ஒரு பொன்னாடை மழைக்கு நடுவே நாங்கள் தொடங்கிய வகுப்பால் முடியாததை, லைன் வீட்டுப் பிள்ளைகள் கன்னடம் படிக்க வந்த இடத்தில் போகிற போக்கில் செய்துவிட்டார்கள். இதை எந்தக் கட்டத்தில் ஒட்டுவது என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து லிஃப்ட் வாசலில் செல்வியைப் பார்த்தேன்.

"பாஸு சார்" என்றாள்.

"தெரியும்மா. ரொம்ப சந்தோஷம்."

"ப்ளஸ் ஒன்னுக்கு இங்க காலேஜுதான சார், போய்க் கேட்டேன். சேத்துக்கறதெல்லாம் முடிஞ்சிச்சாம். வர்ற வருஷம் வாங்கன்னுட்டாங்க."

"நான் வந்து பேசறேன்."

"பேசியாச்சு சார். மூணு காலேஜ் பேசியாச்சு. அது வரைக்கும் நூலே வெட்டட்டும்."

லிஃப்ட் வந்தது. அவள் ஏறி, கதவு மூடாதபடி கையை வைத்துக்கொண்டாள்.

"நாங்க கேட்ட அன்னிக்கே அந்தக் கூடத்தத் தொறந்து உட்டிருந்தா, இப்ப காலேஜு போய்க்கினு இருப்பா இல்ல சார்?"

மன்றம், செயற்குழு, தீர்மானம், தலைவர் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன.

"போயிருப்பா" என்றேன். "நான்தான் கெடுத்தேன்."

செல்வி என்னை நேராகப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "இத யாராவது ஒருத்தர் சொல்லுவாங்களான்னு பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் காலை பால்கனியில் நின்றேன். எங்கள் கேட்டுக்கு எதிரே கார்மென்ட்ஸ் வேன் வந்து நின்றது. எல்லாப் பாடத்திலும் தேறிய பெண், டிபன் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதில் ஏறினாள்.